கேக் டீச்சர்
முதல் நாள் கிளாஸுக்குள்ள போனதும் கடைசி பெஞ்சுல ஒருத்தன் பக்கத்துப் பையன் காதுல "கேக், கேக்"னான். யாருக்கோ பொறந்தநாள் போல, நமக்கும் ஒரு துண்டு வரும்னு சிரிச்சுக்கிட்டே போர்டுல பேர எழுதினேன். மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும், தாய் மொழியில (தாய்லாந்து மொழிங்க, நம்ம தாய்மொழி இல்ல) கேக்னா விருந்தாளியாம், இந்தியாக்காரங்களையும் அதே வார்த்தையிலதான் சொல்லுவாங்களாம். பாங்காக் சிலோம்ல இருக்கற நம்ம மாரியம்மன் கோயிலுக்கே இங்க பேரு 'வாட் கேக்'.

சரி, விருந்தாளின்னா நம்மூர்ல மொத பந்தியில உக்கார வைப்பாங்க. இங்க நான் கடைசிப் பந்தி. என்கூட இன்னொரு இங்கிலீஷ் டீச்சர், இத்தாலிக்காரர். தங்கமான மனுஷன், ஆனா அவரு ஒர்க்‌ஷீட்ல பாஸ்ட் டென்ஸ் திருத்துறது நான்தான். அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லைன்னு எந்தப் பெத்தவங்களுக்கும் தோணினதே இல்ல. அட்மிஷன் பேனர்ல அவர் மூஞ்சி மட்டும். நான் டோயிக்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதி 600க்கு மேல மார்க் காட்டி வேலைக்கு வந்தவ, என்கிட்ட ஒரு அம்மா வந்து, "ஃபராங் டீச்சர் எப்ப கிளாஸ் எடுப்பாரு?"ன்னு பணிவா கேக்குறாங்க. ஃபராங்னா வெள்ளக்காரர், நம்ம பரங்கிதான். அன்னைக்கு ராத்திரி பரங்கிக்காய் சாம்பார் வெச்சு நல்லா மசிச்சேன்.

கோவம் என்னன்னா, இந்தப் பசங்களுக்கு நாக்கு எங்க தடுக்கும்னு எனக்குத்தான் தெரியும். அவனுங்க ஸ்கூல 'ஸகூன்'னுவானுங்க, கடைசி எல் அவங்க வாயில என் ஆயிடும். நாங்க கோவில்பட்டியில முன்னாடி ஒரு இ-ய முட்டுக்குடுத்து 'இஸ்கூல்'னோம். எங்க சார் இங்கிலீஷயே தமிழ்லதான் நடத்துவாரு, செய்வினை செயப்பாட்டுவினைன்னு சாக்பீஸ் பறக்கும். அப்படிக் கஷ்டப்பட்டு ஏறின படிக்கட்டு, ஒவ்வொரு படியும் ஞாபகம் இருக்கு எனக்கு.

இப்பெல்லாம் பழகிடுச்சு. 90 நாளுக்கு ஒருதடவ இமிக்ரேஷன்ல இன்ன அட்ரஸ்லதான் இருக்கேன்னு சொல்றதும், சோம்தாம்ல (பப்பாளிக்கா சாலட்) எத்தன மிளகான்னு தாய்லயே சொல்றதும் பழகிடுச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். ஜூன்ல ஒரு வியாழக்கிழம 'வாய் க்ரூ' வந்துச்சு, குரு வணக்கம்தான், குருதான் இங்க க்ரூ. பசங்க வரிசையா முட்டி போட்டு வந்து தட்ட நீட்டுறாங்க, உள்ள பாத்தா அருகம்புல்லு, இட்லிப்பூ, கத்தரிப்பூ. அருகம்புல் மிதிச்சாலும் சாகாம படருதில்ல, படிப்பும் அப்படிப் படரணுமாம். கத்தரிப்பூ தலை குனிஞ்சிருக்கும், அது பணிவுக்கு. அந்தக் கடைசி பெஞ்சுக்காரனும் வந்து விழுந்து கும்பிட்டான். எந்திரிச்சு, "தேங்க்யூ கேக் டீச்சர்"னான். எனக்கு எங்க சார் ஞாபகம் வந்து கண்ணு கரிச்சிடுச்சு, அவர ஒருநாளும் நான் இப்படிக் கும்பிட்டதில்ல, சைக்கிள் காத்தப் புடுங்கி விட்டதுதான்.

அருகம்புல்ல ரூமுக்குக் கொண்டுவந்து பிள்ளையாருக்கு வெச்சு, தட்ட போட்டோ புடிச்சு அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"ஏட்டி, பூவயெல்லாம் பறிச்சிட்டா கத்தரிக்கா எப்படிக் காய்க்கும்?"