அமியான் (வட பிரான்ஸ்), நவம்பர்

நவம்பர் 3, திங்கள்
தபால்பெட்டியில் மின்சார பில் மட்டும்.

நவம்பர் 5, புதன்
வீட்டில் இருக்க முடியவில்லை. ரயிலேறி ஆல்பேர் போய்வந்தேன், அரை மணி நேரப் பயணம்தான். அங்கே ஒரு பழைய சுரங்கத்துக்குள் அருங்காட்சியகம். முதல் உலகப்போரில் ஜெர்மன்காரர் வைத்திருந்த எம்.ஜி. 08 என்ற மிஷின் கன்னின் முன்னால் நின்றுவிட்டேன். தாங்கியோடு சேர்த்தால் 60 கிலோவுக்கு மேல். குழலைச் சுற்றி ஒரு உலோக உறை, அதற்குள் நாலு லிட்டர் தண்ணீர். விடாமல் சுட்டால் சில நிமிடத்தில் கொதித்துவிடும். ஆவி எழும்பினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும், அடுத்த குண்டு அங்கேதான் விழும். அதனால் ஆவியைக் குழாய் வழியே ஒரு டின்னுக்குள் விட்டு, ஆறிய தண்ணீரைத் திரும்ப உறைக்குள் ஊற்றுவார்கள். தண்ணீர் இல்லையென்றால் சிறுநீர். ஆளைக் கொல்கிற சாமானுக்கு இவ்வளவு அடுப்படி வேலை.

நவம்பர் 6, இரவு 2 மணி
நித்திரை இல்லை. 7:20, 7:30 என்று அதுவே ஓடுகிறது.

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். போமோன் ஹமெல் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஹாதோர்ன் மேட்டுக்கு அடியில் பிரிட்டிஷ்காரர் 18 டன் வெடிமருந்து புதைத்திருந்தார்கள். தாக்குதல் காலை 7:30க்கு. வெடியை 7:20க்கே வெடித்தார்கள். பெரிய பீரங்கிகளும் அப்போதே முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்குத் திரும்பிவிட்டன. ஏழு நாள், ஏறக்குறைய 15 லட்சம் குண்டு போட்டாயிற்று, இனி கீழே உயிரோடு யார் இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. இருந்தார்கள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து ஆழத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் நின்றதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு படியேறி, தோட்டா பெல்ட்டை மாட்ட, பத்து நிமிடம் தாராளம்.

அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் விழுந்தார்கள். அதில் செத்தவர்கள் 19,240.

அந்தப் பத்து நிமிடம் ஒரு தாளில் எழுதப்பட்டு, கையெழுத்தாகி, மேசை மேசையாகப் போயிருக்கும். என் கோப்பும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது.

நவம்பர் 8, சனி
இன்று அந்த இடத்துக்கே போனேன். நியூஃபவுண்ட்லாந்து படை நினைவுப் பூங்கா. இப்போது கனடாவில் இருக்கிற தீவு அது, அன்று பிரிட்டிஷ்காரரோடு நின்ற படை. அகழிகள் இன்னும் தெரிகின்றன, மேலே புல். 800 பேர் அளவில் கிளம்பினார்கள், மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னது 68 பேர். முன்னால் போகும் அகழியில் காயப்பட்டவர்களும் பிணங்களும் அடைத்துக் கிடந்ததால், பின்னாலிருந்தே வெட்டவெளியில் இறங்கி நடந்திருக்கிறார்கள். நானும் இறங்கி நடந்தேன். சரிவு. மறைய ஒன்றுமில்லை. முள்கம்பியில் விட்டிருந்த சில இடைவெளிகளில் அவர்கள் நெருங்கிக் கூட, துப்பாக்கிகளும் அங்கேயே குறிவைத்தன. நேர் எதிரே வைத்துச் சுடுவதைவிடப் பக்கவாட்டில் வைத்துச் சுடுவதுதான் இதன் வித்தை: ஒரு வரிசை ஆட்களை நீளவாக்கில் பிடித்துவிடலாம்.

கால் சேறு. சப்பாத்து இன்னும் காயவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு
அம்மாவோடு கதைத்தேன். போன இடத்தைச் சொன்னதும் கோபம். "பங்கருக்குள்ள இருந்தது காணாதோ உனக்கு?" அப்புறம் கடிதம் வந்ததா என்று கேட்டா. இல்லை என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்
விடுமுறை, அந்த உலகப்போர் முடிந்த நாள். தபால் இல்லை என்று தெரிந்தும் இரண்டு தரம் கீழே போய்ப் பார்த்தேன்.

மேயர் வந்து மலர்வளையம் வைத்தார். பக்கத்தில் நின்ற கிழவரிடம் மிஷின் கன் பற்றிச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். அந்தப் போரில் அதிகம் பேரைக் கொன்றது பீரங்கிதான் என்றார். உண்மைதான். ஆனால் ஆட்களைக் குழிக்குள்ளேயே நாலு வருடம் உட்கார வைத்தது எது? அதைக் கேட்க என் பிரெஞ்சு போதவில்லை. பீரங்கி குழிக்குள் இருப்பவனையும் கொல்லும். ஆறேழு பேரும் ஒரு துப்பாக்கியும் இருந்தால் எதிரே ஒரு பட்டாளமே எழுந்து நடக்க முடியாது. அதை உடைக்கத்தானே 1916 செப்டம்பரில் இதே சோம் பக்கம் டாங்கியை இறக்கினார்கள்.

நவம்பர் 13, வியாழன்
வெளியே ஒரே பனிமூட்டம். 1916இல் இதே நாளும் அப்படித்தான். அதே மேட்டில் இரண்டாவது வெடியை அதிகாலை 5:45க்கு வைத்தார்கள், தாக்குதலும் 5:45க்கு. இருட்டு, மூட்டம், சுடுகிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று ஊரைப் பிடித்துவிட்டார்கள். நாலரை மாதம் பிந்தி.

நவம்பர் 14, வெள்ளி
இல்லை.

நவம்பர் 17, திங்கள்
குளித்துக்கொண்டிருந்தேன், மணி கேட்கவில்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவிடுக்கில் ஒரு சீட்டு: கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கடிதமாம், நாளை வந்து எடுக்கட்டாம். அனுப்பியது யார் என்ற இடத்தில் மை பரவி