ஸ்னோ ப்ளோ லொறியின் மின்கோளாறு: 310டி பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு

ஒன்ராறியோவில் 310டி லொறி மெக்கானிக் பரீட்சையில் தேற 70% வேண்டும். மின்சுற்றுக் கேள்விகளுக்கு எண்களை மட்டும் பாடமாக்கினால் போதாது. எந்த இடத்தில், சுற்று எந்த நிலையில் இருக்கும்போது அளப்பது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதற்கு ஸ்னோ ப்ளோவின், அதாவது லொறியின் முன்னால் பனியைத் தள்ளும் கருவியின், ப்ளேட்டைத் தூக்கும் மோட்டார் சுற்று நல்ல பாடம்.

ப்ளேட் மெதுவாக எழும்புகிறது; பற்றரியில் 12.6 வோல்ற் காட்டுகிறது என்று வைப்போம். முதலில் லொறியின் சொந்த ஹெட்லைட்டைக் கவனியுங்கள். ப்ளேட் எழும்பும்போது அதுவும் நன்றாக மங்கினால் சந்தேகம் பற்றரியிலும் அதன் முனைகளிலும். லோட் டெஸ்ட் செய்யுங்கள், அதாவது பற்றரியிலிருந்து பெரிய மின்னோட்டத்தை இழுத்துப் பாருங்கள்: 800 சீசீஏ (குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறனின் அளவு, அம்பியரில்) பற்றரி என்றால் அதில் பாதி, 400 அம்பியர், 15 விநாடி. 21 பாகை செல்சியஸில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே போனால் பற்றரி தோல்வி. 12.4 வோல்ற்றுக்குக் குறைந்த பற்றரியைச் சார்ஜ் ஏற்றாமல் சோதிக்க வேண்டாம்.

ஹெட்லைட் மங்காமல் ப்ளேட் மட்டும் சோர்ந்தால், கோளாறு ப்ளோவுக்குப் போகும் பாதையில். இங்கேதான் பலர் தடையை அளக்கும் ஓம் மீற்றரை எடுத்துத் தவறுகிறார்கள். சாலை உப்பு உள்ளே புகுந்து, உறைக்குள் பச்சை பூத்து, நாலைந்து இழை மட்டும் மிஞ்சிய கேபிளிலும் மீற்றர் பூச்சியம்தான் காட்டும். அது அனுப்பும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. ஆனால் 0.01 ஓம் தடை, 200 அம்பியர் ஓடும்போது 2 வோல்ற்றைத் தின்றுவிடும். இந்தக் கணக்கைக் கையால் பலமுறை போட்டுப் பாருங்கள்.

ஆகவே மோட்டார் ஓடும்போதே அளக்க வேண்டும். மீற்றரின் சிவப்பு முனை பற்றரி பொசிற்றிவில், கறுப்பு முனை மோட்டார் முனையில். 0.5 வோல்ற்றுக்கு மேல் வந்தால் அந்தப் பாதையைத் துண்டு துண்டாக அளந்து வாருங்கள். கிரவுண்ட் பக்கத்தையும், அதாவது மோட்டாரிலிருந்து பற்றரி நெகற்றிவுக்குத் திரும்பும் பாதையையும், தவறாமல் அளவுங்கள். மோட்டாருக்கு மின்னைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்சான சொலினொயிட்டின் இரு பெரிய போல்ற்றுகளுக்கு இடையே, சுவிட்ச் அழுத்தாதபோது 12 வோல்ற் இருப்பது சரி. அழுத்தி 'கிளிக்' கேட்ட பிறகும் 12 நின்றால் உள்தொடுகை கருகிவிட்டது. கிளிக்கே கேட்காவிட்டால் சிறிய முனைகளுக்கு மின் வருகிறதா பாருங்கள். அப்போது குற்றம் சுவிட்சிலோ பியூஸிலோ இருக்கலாம்.

பாதுகாப்பில் ஒன்று: உறைந்த பற்றரிக்கு ஜம்ப் கொடுப்பதோ சார்ஜ் ஏற்றுவதோ கூடாது, வெடிக்கும். சார்ஜ் இறங்கிய பற்றரி கனடாவின் சாதாரண குளிருக்கே உறைந்துவிடும்.