வேனின் பின் ஆக்ஸிலை மாற்றியது: எடைமேடையில் தொடங்கிய வேலை

ஃபோர்டு ஈ-250 வேனை ஃபோர் வீல் டிரைவாக மாற்றும் வேலையில் முன்பக்கம் முடிந்து வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, இப்போது பின்பக்கத்துக்கு வந்திருக்கிறேன். பின்னால் கம்பெனியிலிருந்து வந்ததும் டானா 60 ஆக்ஸில்தானே, அதை ஏன் தொட வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. பெயர் ஒன்றுதான், உள்ளே சங்கதி வேறு. டானா 60 செமி ஃப்ளோட்டிங்காகவும் வரும், ஃபுல் ஃப்ளோட்டிங்காகவும் வரும். என் வேனில் இருந்தது செமி. அதாவது சக்கரத்தைச் சுழற்றும் அதே ஷாஃப்டுதான் வண்டியின் எடையையும் தாங்குகிறது, ஷாஃப்டு உடைந்தால் சக்கரமும் ஆபத்தில் இருக்கிறது. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் சக்கரம் மாட்டும் ஹப் இரண்டு டேப்பர் பேரிங்குகளில், ஹவுசிங்கின் (ஷாஃப்டை மூடியிருக்கும் கூட்டின்) முனையிலேயே உட்காருகிறது. எடையை ஹவுசிங் பார்த்துக்கொள்கிறது, ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். ஹப்பின் முகத்தில் உள்ள போல்ட்களைக் கழற்றினால், ஜாக்கி போடாமலே ஷாஃப்டை வெளியே இழுத்துவிடலாம், சக்கரம் அப்படியே நிற்கும்.

இது சரக்கு வண்டியாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். சரக்கு வண்டி பாதி நேரம் காலியாக ஓடும். வீடாக மாற்றிய வேன் அப்படியில்லை, கட்டில், அலமாரி, பேட்டரி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் இறக்காமல் ஆண்டு முழுக்கச் சுமக்கிறது. கல்லிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போதும் அதே சுமைதான்.

மாற்றாக எடுத்தது ஸ்டெர்லிங் 10.25 ஆக்ஸில், ஃபுல் ஃப்ளோட்டிங், ஃபோர்டின் பழைய எஃப்-350 டிரக்கில் இருந்தது. அந்த 10.25 என்பது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் அங்குலத்தில், டானா 60க்கு அது 9.75. அடுத்து வந்த 10.5ஐ ஏன் எடுக்கவில்லை, அதில் டிஸ்க் பிரேக்கே இருக்கிறதே என்று கேட்கலாம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் 1999 மாடலில் ஃபோர்டு சூப்பர் டியூட்டி டிரக்குகளுக்கு சக்கரத்தின் 8 போல்ட்டை 170 மி.மீ. வட்டத்துக்கு மாற்றிவிட்டது. ஈ சீரிஸ் வேன்கள் பழைய 6.5 அங்குலத்திலேயே, அதாவது 165.1 மி.மீ. வட்டத்திலேயே நின்றுவிட்டன. வித்தியாசம் 5 மி.மீ.கூட இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டில் மாட்டிப் பார்த்தால் உட்காராது. முன்பக்கம் ஒரு ஸ்டெப்னி, பின்பக்கம் ஒரு ஸ்டெப்னி என்று இரண்டைத் தூக்கிக்கொண்டு அலைய எனக்கு இஷ்டமில்லை, அதனால் டிரம் பிரேக்கோடு 10.25 போதும் என்று முடிவு செய்தேன்.

ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, அந்தக் கணக்கு எளிது. வண்டியில் இருந்தது 3.55, கம்பெனி டயர் 245/75ஆர்16, விட்டம் சுமார் 30.5 அங்குலம். 35 அங்குல டயர் போட்டதும் அந்த 3.55 நடைமுறையில் 3.09 ஆகிவிட்டது, மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. 4.10 போட்டால் பழைய நிலை அப்படியே திரும்பும், ஆனால் அது காலி வண்டியின் பழைய நிலை. இருக்கிற சுமைக்கு 4.56தான் பொருந்தும் என்று அதையே போட்டேன். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும் என்பதால் முன் ஆக்ஸிலையும் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. முன்னால் இருப்பதும் டானா 60, அதில் 4.10 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் வீலை மாட்டும் கூடு), 4.56லிருந்து வேறு கேரியர், கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் மட்டும் வாங்கினால் பொருந்தாது. வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிரவுன் பினியன் செட்டிங்கை மட்டும் அதற்கென்றே இருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன்.

அப்புறம் ஸ்பிரிங், பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங். என் நேரம் அதிகம் போனது இங்கேதான், போனதில் வருத்தமும் இல்லை. லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது) எத்தனை அங்குலம் என்பதிலிருந்துதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். நான் எடைமேடையிலிருந்து ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டி நிறைய, டீசல் நிறைய, பெட்டிகள் எல்லாம் உள்ளே, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில்: 2,150 கிலோ. ஆக்ஸில், பிரேக், சக்கரம் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை, அவற்றுக்கு 300 கிலோ கழித்தால் மீதி 1,850. ஆக, ஒரு ஸ்பிரிங் தாங்க வேண்டியது 925 கிலோ. இந்த எண்ணையும் வேண்டிய உயரத்தையும் சொன்னால் ஸ்பிரிங் செய்பவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். "கொஞ்சம் ஹெவியா போடுங்க" என்று சொன்னால் அவரும் குத்துமதிப்பாகத்தான் போடுவார்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். என் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பின் ஆக்ஸிலுக்கு 80 செ.மீ. பின்னால் இருந்தது. வீல்பேஸ் 3.5 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த 100 கிலோ தண்ணீர் பின் ஆக்ஸிலில் 123 கிலோவாக இறங்குகிறது, முன் ஆக்ஸிலிலிருந்து 23 கிலோவைத் தூக்கிவிடுகிறது. தொட்டியை ஆக்ஸிலுக்கு முன்னால் நகர்த்தியது எந்த ஸ்பிரிங்கையும்விட மலிவான வேலை. இடது பக்கம் பேட்டரியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து வண்டி சாய்ந்து நின்றதற்கு, அந்தப் பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடப் போடச் சொன்னார்கள். பேட்டரியை வலது பக்கம் மாற்றினேன், நிமிர்ந்துவிட்டது.

இருக்கிற செட்டில் கனமான பட்டை ஒன்றைச் செருகும் வழியை நான் எடுக்கவில்லை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: 10 சதவீதம் கனம் கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். தடித்த பட்டை ஒன்றே போதும், சவாரி கட்டை வண்டி மாதிரி ஆகிவிடும். மெல்லிய பட்டைகள் நிறைய வைத்து, நீளமாக, அதிகம் வளைவில்லாமல் செய்த செட் அதே எடையைத் தாங்கும், நன்றாக வளைந்தும் கொடுக்கும். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைத்து வண்டியை உயர்த்தும் லிஃப்ட் பிளாக்கும் வேண்டாம் என்றுவிட்டேன். பிளாக் உயர உயர ஆக்ஸிலுக்கு ஸ்பிரிங்கை முறுக்க நெம்புகோல் கிடைக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பட்டை எஸ் மாதிரி வளைந்து பின் சக்கரம் குதிக்கும்.

டிரக் ஆக்ஸிலில் ஸ்பிரிங் உட்காரும் சீட் வேன் சேசிஸுக்கு நேராக இருக்காது. பழையதை வெட்டிவிட்டு, புது சீட்டை முதலில் யூ போல்ட்டில் மட்டும் பிடித்து வைத்து, வண்டியின் முழு எடையையும் சக்கரத்தில் இறக்கி, அதற்குப் பிறகுதான் பினியன் கோணத்தைப் பார்த்தேன். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் வீண், தொங்குகிற ஆக்ஸிலில் எடுத்த கோணம் எதற்கும் உதவாது. என் புரொப்பெல்லர் ஷாஃப்டில் முனைக்கு ஒரு கிராஸ் (வளைந்து கொடுக்கும் ஜாயிண்ட்)தான், அதனால் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்டு வெளிவரும் கோணமும் பினியன் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கில் பவர் கொடுக்கும்போது பினியன் மூக்கு மேலே தூக்கும் என்பதால் 2 டிகிரி தாழ்த்தி வைத்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை கிராஸ் உள்ள டபுள் ஜாயிண்ட் ஷாஃப்டாக இருந்தால் கணக்கே வேறு, பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும்.

கோணம் சரி என்றதும் சீட்டை அங்கங்கே புள்ளி வெல்டிங்கில் (டேக்) பிடித்து, வண்டியை ஆட்டி, மறுபடி கோணம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்து, பிறகு ஆக்ஸிலைக் கீழே இறக்கி முழு வெல்டிங். ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். இரண்டு அங்குலம் இந்தப் பக்கம், ஆறவிட்டு இரண்டு அங்குலம் அந்தப் பக்கம் என்று போனது. ஸ்பிரிங் முனைகளில் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்களை இறுக்கியதும் வண்டி தரையில் நின்ற பிறகுதான், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மற்றவை சில்லறை வேலை. ஹவுசிங்கின் மூச்சுக் குழாயை நீட்டி சேசிஸுக்கு மேலே கொண்டுபோனேன், சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே தண்ணீரை உறிஞ்சும். பிரேக் ஹோஸை நீளமாக்கினேன். ஸ்பீடோமீட்டருக்கு டயர் அளவை மட்டும் திருத்தினால் போதுமாக இருந்தது, ஏனென்றால் சென்சார் கிரவுனோடு சுற்றும் பல்வளையத்தைத்தான் படிக்கிறது, ரேஷியோ மாறியது அதற்குத் தெரியாது.

ஓட்டிப் பார்த்ததில் அதிர்வு இல்லை, மேட்டில் கியர் தேடுவது நின்றுவிட்டது, வேகத்தடையில் பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்து நிற்கிறது. முதல் 800 கி.மீ. வரை வண்டியை வருத்தாமல் ஓட்டி ஆக்ஸில் ஆயில் மாற்ற வேண்டும். யூ போல்ட் எல்லாம் புதியவை (பழையதைத் திரும்பப் போடவே கூடாது), கொஞ்சம் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்தால் கால் சுற்றுக்கு மேல் நகர்ந்தன, அடுத்த ஆயில் மாற்றும்போது மறுபடி பார்ப்பேன். ஷாக் இன்னும் பழையதுதான், ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டால் ஸ்பிரிங்குக்கு முன்னால் அதுதான் எல்லையைத் தொடுகிறது. முழுத் தொங்கல், பம்ப் ஸ்டாப்பில் முழு அமுக்கம், இரண்டு நிலையிலும் ஷாக் மாட்டும் மேல் கண்ணுக்கும் கீழ் கண்ணுக்கும் இடையே அளந்து எழுதி வைத்திருக்கிறேன், அந்த நீளத்துக்கு ஷாக் கிடைத்ததும் மாட்டிவிட்டு அடுத்ததை எழுதுகிறேன்.