பூச்சி தேடிய நாட்கள்

ஜனவரி 20

பொங்கல் லீவு முடிந்து இன்று, பிள்ளைகளின் மலத்தில் குடற்புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்க, லேபிலிருந்து திமிரி பக்கத்தில் ஒரு பள்ளிக்குப் போனோம். பிள்ளைக்கு ஒரு டப்பா, ஒரு குட்டிக் கரண்டி, விரித்துக்கொள்ள ஒரு செய்தித்தாள். "நெல்லிக்காய் அளவு போதும், தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது" என்று சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே உருண்டு சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் ஆறாம் வகுப்புக் கபடிப் பையன். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே மேடம், நான் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். வயிற்றுவலி, பேதி என்று எதுவும் சொல்லாத பிள்ளைகளைத்தான் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். அவன் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 21

சில டப்பாக்கள் காலியாக வந்தன. ஒன்றில் மாட்டுச் சாணம். திறந்ததுமே வகுப்பு டீச்சர் கண்டுபிடித்துவிட்டார், எனக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

லேபுக்கு வந்ததும் ஓட்டம்தான். மலத்தைச் சல்லடையில் தேய்த்து, 41.7 மில்லிகிராம் பிடிக்கிற துளைத் தகட்டில் நிரப்பி, கண்ணாடியில் வைத்து, கிளிசரினில் நேற்றே ஊறப்போட்ட பச்சை செலோஃபேனால் மூடி அழுத்த வேண்டும். உருண்டைப்புழு முட்டை நாளை வரைக்கும்கூடக் காத்திருக்கும். கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு மெல்லியது. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்குள் பார்க்காவிட்டால் கிளிசரினில் கரைந்த மாதிரி காணாமல் போய்விடும். அப்புறம் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அதனால் இன்றைக்கு டீ கிடையாது.

கபடிப் பையனின் கண்ணாடியில் 14 கொக்கிப்புழு முட்டைகள். 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு 336. 2,000க்குக் கீழே இருந்தால் லேசான தொற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆளைப் பார்த்துப் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் அவன் பக்கத்து பெஞ்சின் ஒல்லிப் பெண்மேல் கட்டியிருப்பேன். அவளிடம் ஒன்றுமே இல்லை.

ஜனவரி 23

இன்று அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தேன். ஜியார்டியா மாதிரி ஒற்றைச் செல் ஆசாமிகள் செலோஃபேன் முறையில் சிக்க மாட்டார்கள். முட்டை வடிவக் கூடு, உள்ளே நான்கு உட்கரு. அது இருக்கிற பிள்ளைகளும் நன்றாகத்தான் ஓடியாடுகிறார்கள்.

எட்டு உட்கரு தெரிந்தால் அது எண்டமீபா கோலை என்கிற அமீபா. அது யாரையும் ஒன்றும் செய்யாது. 'அமீபா இருக்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்பினால், ஆஸ்பத்திரியில் யாராவது அமீபாவைக் கொல்கிற மெட்ரோனிடசோல் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை வாய்க்கசப்போடு ஒரு வாரம் அலையும். எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிவிட்டு எழுதலாம். ஆனாலும் அது கண்ணில் பட்டால், யாரோ ஒருவர் மலம் எந்த வழியிலோ இந்தப் பிள்ளையின் வாய்க்குள் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி 29

கபடிப் பையனின் அம்மா வந்திருந்தார். "வேளாவேளைக்கு சாப்பிடுறான், நல்லா ஓடுறான். எம்புள்ளைக்கா பூச்சி? இனிப்பு தின்னாதடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன் மேடம்."

இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது என்றேன். குடலைக் கவ்விக்கொண்டு ஒரு புழு தினம் கொஞ்சமாகத்தான் ரத்தம் குடிக்கும். சில புழுக்கள் என்றால் சாப்பாட்டு இரும்புச்சத்தே ஈடுகட்டிவிடும், வெளியே தெரியாது. புழு பெருகினாலோ சாப்பாடு குறைந்தாலோதான் முகம் வெளுக்கும்.

வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதில் விறகு அடுக்கியிருக்கிறார்களாம்.

பிப்ரவரி 10

குடற்புழு நீக்க நாள். ஒன்று முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல், இரண்டு வயதுக்குக் கீழே பாதி மாத்திரை. பரிசோதிக்காமல் ஏன் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். மாத்திரை மலிவு, ஆபத்து குறைவு. ஒரு டப்பாவோடு நாம் மல்லுக்கட்டும் நேரத்தில் ஒரு வகுப்புக்கே கொடுத்து முடித்துவிடலாம். டப்பா தூக்கியே பிழைக்கிற நான் சொல்கிறேன், அதுதான் சரி.

ஆனால் இந்த ஒரு மாத்திரைக்குச் சாட்டைப்புழு அவ்வளவாக அசையாது. ஜியார்டியா கண்டுகொள்ளவே கொள்ளாது. கொக்கிப்புழு போகும். சாயங்காலம் பையன் செருப்பில்லாமல் அதே காட்டுக்குத்தான் ஒதுங்கப் போவான்.

மென்றுகொண்டே கேட்டான்: "செத்த பூச்சிய டப்பாவுல கொண்டாரட்டுமா மேடம்?"

பிப்ரவரி 12

இதை எழுதலாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

என் மகன் மூன்று நாளாக ராத்திரியில் சொறிகிறான். அவன் பள்ளியில் மாத்திரை கொடுத்த அன்று காய்ச்சலென்று லீவு போட வைத்ததும் நான்தான். கீரிப்பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிட்டுவிட்டுப் போகும். மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. காலையில் கழுவுவதற்கு முன்னால் செலோ டேப்பை ஒட்டி எடுத்து லேபுக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் தட்டையான முட்டைகள், வரிசையாக.

நகம் வெட்டியாயிற்று, போர்வையெல்லாம் சுடுதண்ணீரில் போட்டாயிற்று. வீட்டில் எல்லோரும் இன்றைக்கு ஒரு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். காலண்டரில் 26ஐ வட்டமிட்டேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, நான் எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

மாத்திரையா, டேப்பா என்று கேட்டேன். கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார்.