கன்னிப் பெட்டி

போன வாரம் கோவில்பட்டில துணிக்கடைக்குப் போயிருந்தோம். அதப் பத்தி எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா முன்கதை சொல்லாம அது யாருக்கும் புரியாது.

எங்க மூத்தவ 2019 நவம்பர்ல தவறிட்டா. நாலு வயசு. டெங்கு. நாலாவது நாள் காய்ச்சல் விட்டுச்சு, தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருந்துச்சு, அப்பாடான்னு இட்லி ஊட்டுனோம், வயிறு வலிக்குதுன்னா, ரெண்டு தடவ வாந்தி எடுத்தா, நாலு நாளா ஒழுங்கா சாப்பிடல அதான்னு நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கிட்டோம். காய்ச்சல் விட்ட அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்தான் டெங்குல ஆபத்தே, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு பிரஷர் இறங்கிரும், கை கால் ஜில்லுன்னு ஆகுறது அதனாலதான்னு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். இதுல நின்னா மேல எழுத வராது.

எங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்கள எரிக்க மாட்டாங்க, புதைக்கிறதுதான். பதினாறாம் நாள் காரியம் கிடையாது, திதி கிடையாது. தாத்தா செத்தப்ப பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருந்துச்சு, இவளுக்கு மூணாவது நாளே பந்தல் சேர் எல்லாம் போயிருச்சு. "சின்னவன் இருக்கான்ல, அவன் மொகத்தப் பாத்து மறந்துருங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க, தெரியும். ஆனா அதுக்கப்புறம் வீட்ல யாரும் அவ பேரச் சொல்லல. நான் சொன்னா அவ அழுவான்னு நானும், அவ சொன்னா நான் ஒடஞ்சு போயிருவேன்னு என் வீட்டுக்காரியும். இப்படியே ஒரு வருசத்துக்கு மேல ஓடுச்சு.

எங்க கிராமத்து வீட்டுல பரண்ல ஒரு ஓலப்பெட்டி உண்டு. கன்னிப் பெட்டி. தெக்கத்தி ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம், வீட்ல சின்ன வயசுல செத்துப்போன பொம்பளப்பிள்ளைய வீட்டுத் தெய்வமா கும்பிடுறது. தை மாசம் ஒரு வெள்ளிக்கிழம புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், வளையல், சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் வச்சுப் படைச்சு, அந்தத் துணிய பெட்டிக்குள்ள வச்சு, போன வருசத் துணிய எடுத்து ஒரு பிள்ளைக்குக் குடுப்பாங்க. எனக்கு அதுல தெரிஞ்சதெல்லாம் படையல்ல வைக்கிற துள்ளுமாவுங்கிற இனிப்பு மாவு மட்டும்தான். எங்கப்பாவோட அக்கா ஒருத்தி ஆறு வயசுல அம்மை வந்து செத்தவ, அவளுக்குத்தான் அந்தப் பெட்டின்னே காலேஜ் படிக்கும்போதுதான் தெரியும். அவ பேரு என்னன்னு இன்னிக்கு உயிரோட இருக்குற யாருக்கும் தெரியல.

2021 தை வரும்போது அம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க, நம்ம பிள்ளைக்கும் ஒரு துணி எடுத்து வச்சிருவோம்யான்னு. எனக்கு வந்துச்சே கோவம். எம்பிள்ளைய சாமியாக்கிட்டு நீங்க நிம்மதியா தூங்கலாம்னு பாக்குறீங்களான்னு கேட்டுட்டேன், கேட்டிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரிதான், "எடுப்போம் அத்தை"ன்னா.

கடைல வயசு கேட்டாங்க. அம்மா நாலுன்னாங்க. இவ அஞ்சுன்னா. வெளிய வந்து அம்மா, "சாமிக்கு வயசு ஏறாதும்மா, போன வயசுதான்"னாங்க. "உங்களுக்கு சாமி அத்தை. எனக்கு வளருதே"ன்னா இவ. அம்மா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

அன்னைக்கு சாயங்காலம் விளக்கேத்திட்டு அம்மா சத்தமா அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, வாத்தா, வந்து சாப்பிடுன்னு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு அந்தப் பேரக் கேட்டு. நாங்க ரெண்டு பேரும் ஓன்னு அழுதோம், அழுது முடிச்சப்புறம் இலைல ஜெம்ஸ் மிட்டாய் இருக்குறதப் பாத்து சிரிச்சோம், ஏன்னா கோவில்பட்டிப் பக்கத்துல பொறந்துட்டு கடலமிட்டாய் பிடிக்காது அவளுக்கு, ஜெம்ஸ்தான், அதுலயும் பச்சைய மட்டும் பொறுக்கி எடுத்து என் கைல குடுத்துருவா. பச்சை எல்லாம் அப்பாவுக்கு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அவளப் பத்தியே பேசுனோம்.

கும்பகோணத்துல 2004 ஜூலை 16 பள்ளிக்கூடத் தீ விபத்துல 94 பிள்ளைங்க போச்சுல்ல, வருசா வருசம் அதே நாள் காசிராமன் தெருவுல அந்தப் பள்ளிக்கூட வாசல்ல பெத்தவங்க போட்டோ வச்சு, பிள்ளைக்குப் பிடிச்ச தின்பண்டத்தப் படைச்சு விளக்கேத்துறத டிவில காட்டுவாங்க. இருபது வருசம் தாண்டியும் வர்றாங்க. முன்னெல்லாம் சேனல மாத்திருவேன், ஏன் இன்னும் இதக் கிளறிக்கிட்டுன்னு தோணும். கிளறல, அன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் பேரச் சத்தமா சொல்லலாம்ல, அதுக்குத்தான் வர்றாங்க போல.

பெட்டித் துணி வருசா வருசம் கிராமத்துல யாராவது ஒரு பிள்ளைக்குப் போகுது. சில பேர் வாங்க மாட்டேன்னுட்டாங்க, செத்த பிள்ளை துணின்னு. வாங்குன பிள்ளைங்களுக்கு என் வீட்டுக்காரி தலை சீவி ரிப்பன் கட்டி விட்டுத்தான் அனுப்புவா. அப்புறம் மழைக்காலம் வந்தா எங்க தெருவுல எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் இவளுக்குத் தெரிஞ்சுரும், காய்ச்சல் விட்டதும் விட்டுறாதீங்க, வயித்து வலி, வாந்தி, சோர்ந்து சோர்ந்து படுக்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டு வருவா. அபசகுனம் மாதிரி வந்து நிக்கிறான்னு பேசுனவங்களும் உண்டு. அவ கண்டுக்கல.

எத்தனை பிள்ளைன்னு கேட்டா நான் இன்னும் ஒண்ணுன்னுதான் சொல்றேன். அவ ரெண்டுன்றா.

போன வாரம் இந்த வருசத்துக்குப் போனோம். பத்து வயசு. மாம்பழக் கலர்ல ஒண்ண எடுத்துப் போட்டான் கடைப் பையன், அளவு கரெக்டா இருக்குமான்னு இவ விரிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. "வளர்ற பிள்ளைக்கா, ஒரு சைஸ் பெருசாவே எடுங்க, அடுத்த வருசமும் போட்டுக்கும்"னான்.

அவ என்னைப் பாத்தா. அப்புறம், "ஆமா தம்பி, வளர்ற பிள்ளைதான், பெருசே குடு"ன்னா.