பாப்பாவுக்கும்

சிங்கப்பூர் ஓஃபியர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் இன்று நற்கருணை வரிசையில் நின்றபோது, என் கையைப் பிடித்திருந்த இரண்டரை வயது மகனின் நெற்றியில் அருள்தந்தை வழக்கம்போல் சிலுவை அடையாளம் வரைந்தார்.

இருக்கைக்குத் திரும்பும் வழியில் அவன் சட்டென்று நின்று, தன் கட்டைவிரலால் என் வயிற்றின்மேல் கோணலாக ஒரு கோடும் அதன் குறுக்கே இன்னொரு கோடும் இழுத்துவிட்டு, "பாப்பாவுக்கும்" என்றான்.

பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்து நின்றார்கள்.

சொல்லப்போனால், இவன் எதையும் எளிதில் விட்டுக்கொடுக்கும் பிள்ளை அல்லன். நேற்றுதான், நாங்கள் துடைத்து வைத்த தன் பழைய தொட்டிலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மறுத்து அரை மணி நேரம் அழுதான்.

குழந்தை பிறந்ததும் கணவருக்குச் சம்பளத்துடன் 4 வாரத் தந்தையர் விடுப்பு கிடைக்கும். ஊரிலிருந்து அம்மாவும் வருகிறார். ஆகவே ஆள்பலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, மடியைப் பற்றித்தான் கவலை. இதுவரை இவன் ஒருவனுக்கே சொந்தமாயிருந்த மடியில் இன்னொரு குழந்தையைக் கிடத்தும்போது இவன் முகம் எப்படி வாடுமோ என்று பல இரவுகள் விழித்துக் கிடந்திருக்கிறேன்.

மரியாளின் வாழ்த்தொலி கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியதை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். இன்று அந்தக் கட்டைவிரல் பட்ட இடத்தில் உள்ளிருந்து ஓர் உதை வந்தது. (மருத்துவர் தற்செயல் என்பார், இருக்கட்டும்.)

வீடு திரும்பியதும் அவன் மறுபடியும் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.