அம்மா வீட்டுல ஒன்பதாம் மாசம்

37 வாரம் தாண்டியாச்சு. கீழ விழுந்த சீப்பை எடுக்கணும்னா கூட யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கு. கால் நகத்தை நேத்து தம்பிதான் உக்காந்து வெட்டி விட்டான், வெட்டும்போது மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு "இத வெளிய யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத"ன்னு வேற சொன்னான். சொல்லாம இருப்பேனா, இதோ எழுதியாச்சு.

வளைகாப்பு முடிஞ்ச கையோட சென்னைல இருந்து திருச்சிக்கு கூட்டிட்டு வந்துட்டாங்க. தலைப்பிரசவம், அதனால அம்மா வீடு, இதுல பேச்சுக்கே எடமில்ல. போன வாரம் வரைக்கும் இங்க உறையூர்ல உக்காந்தே லேப்டாப்ப தொறந்து வேலை பாத்தேன். 26 வார லீவுல 8 வாரம் வரைக்கும் டெலிவரிக்கு முன்னாடியே எடுத்துக்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா முன்னாடி எடுக்குற ஒவ்வொரு வாரமும் அப்புறம் குழந்தையோட இருக்குற நாள்ல இருந்துதானே போகுதுன்னு ஒரு கணக்கு. வேலைக்குப் போற பொண்ணுங்க எல்லாரும் போடுற கணக்குதான் இது. கடைசில இடுப்பு ஜெயிச்சுருச்சு, லேப்டாப்ப மூடியாச்சு.

அப்பா இங்க பெல் (BHEL) தொழிற்சாலைல ஷிப்ட்டு பாத்து ரிட்டயர் ஆனவரு. குழந்தை அசைவ தெனமும் கவனிங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள 10 அசைவாவது வரணும், கொறஞ்ச மாதிரி தெரிஞ்சா காத்திருக்காம உடனே வந்துருங்கன்னு டாக்டர் சொன்னதுதான் தாமதம், மனுஷன் ஒரு நோட்டு வாங்கி ஸ்கேல் வச்சு கோடு போட்டு தேதி, நேரம், எண்ணிக்கை, குறிப்புன்னு நாலு பத்தி பிரிச்சுட்டாரு. குறிப்புல என்ன எழுதுறாருன்னு ஒருநாள் எட்டிப் பாத்தா "இட்லிக்குப் பின் நன்று"ன்னு இருக்கு. மாத்திரையும் அவரு பொறுப்புதான். அம்மா பழக்க தோஷத்துல இரும்புச்சத்து மாத்திரைய பாலோட குடுக்க வந்தாங்க, பால், டீ கூட போட்டா அது ஒடம்புல சரியா சேராதுன்னு அப்பா தடுத்து எலுமிச்சம்பழ ஜூஸ் கலக்கிக் குடுத்தாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து காபி கூட கலக்கத் தெரியாத மனுஷன் அவரு!

வீட்டுக்காரர் சனிக்கிழமை காலைல மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்குறாரு, ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே வண்டில திரும்பிப் போயிடுறாரு. வந்தா எங்க வீட்டுல மாப்பிள்ளை மரியாதை வேற, உக்கார வச்சு பலகாரம் குடுக்குறாங்க, எனக்கு எரிச்சலா வரும். அதனால ஃபைல் வேலைய அவர் தலைல கட்டிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டு, பிளட் குரூப்பு, இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் ஒரே கவர்ல இருக்கணும், முக்கியமா பிக்மி நம்பர், கர்ப்பத்த அரசாங்கத்துல பதிஞ்சதுக்கு குடுக்குற நம்பர், அது இல்லாட்டி பிறப்புச் சான்றிதழுக்கு அலைய விட்டுருவாங்க. இப்போ பை ரெடியா கதவு பக்கத்துல இருக்கு, அம்மாவோட பழைய காட்டன் புடவைய கிழிச்சு தொவச்சு காயவச்ச துணிங்க அதுல பாதி எடத்த பிடிச்சுக்கிச்சு.

ராத்திரிதான் கஷ்டம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, மல்லாக்கப் படுத்தா வயித்து பாரம் பெரிய ரத்தக் குழாய அழுத்தும்னு சொல்லிருக்காங்க, ஆனா திரும்பிப் படுக்கணும்னாலே நாலு தலகாணிய நகத்தணும். அன்னிக்கு ஒரு ராத்திரி அடிவயிறு அப்படியே கல்லு மாதிரி இறுகி இறுகி விட்டுச்சு, வீடே முழிச்சுருச்சு, தம்பி கார் சாவியோட வாசல்ல நிக்குறான். அம்மாச்சி மட்டும் அசரல. "சீரகத்தப் போட்டு தண்ணி கொதிக்க வைடி, சூட்டு வலின்னா அடங்கிரும், நெச வலின்னா கூடும்"னாங்க. அடங்கிருச்சு. மறுநாள் டாக்டர்கிட்ட சொன்னா அவங்களும் சுத்தி வளச்சு அதேதான் சொன்னாங்க, தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க, முன்ன பின்ன வந்துட்டு போயிட்டா பொய் வலி, சீரா வந்து இடைவெளி கொறஞ்சுக்கிட்டே வந்தா கெளம்பி வாங்கன்னு. ஆனா பனிக்குடம் ஒடஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோட கண்ணு மங்கலானாலோ சீரகத் தண்ணிக்கெல்லாம் காத்திருக்கக் கூடாதுன்னு அம்மாச்சிய பக்கத்துல வச்சுக்கிட்டே சொல்லச் சொன்னேன்.

அம்மா மலைக்கோட்டைல இருக்குற தாயுமானவர் சாமிக்கு வாழைத்தார் நேந்துருக்காங்க. திருச்சிக்காரங்களுக்கு கதை தெரியும், ரத்னாவதிக்குப் பிரசவ நேரம், அவ அம்மா வர்ற வழில காவிரில வெள்ளம், அக்கரைலயே மாட்டிக்கிட்டாங்க, சிவனே அந்த அம்மா உருவத்துல வந்து பிரசவம் பாத்து, வெள்ளம் வடியிற வரைக்கும் கூட இருந்து கவனிச்சுக்கிட்டாராம். சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான். ஆனா இப்போ கேக்கும்போது வேற ஒண்ணு தோணுது, சாமியே வந்தாலும் அம்மாவாதான் வரணும்னு முடிவு பண்ணிட்டாங்க பாருங்க, புருஷனா வந்து வெந்நீர் வச்சா ஆகாதா? மாமியாரா வந்தா என்ன? அக்கரைல நின்ன அந்த அம்மாவுக்கு மூட்டு வலி இருந்துச்சான்னு யாரும் கேட்டதா தெரியல.

எங்கம்மாவுக்கு இருக்கு. மாடிப்படில கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுறாங்க, ஆனா நான் ஒரு டம்ளர எடுத்தா ஓடி வந்து பிடுங்குறாங்க. அம்மா வீட்டுக்குப் போனா ரெஸ்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அந்த ரெஸ்டு எனக்கு மட்டும்தான். குழந்தை வந்ததுக்கப்புறம் பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, ராத்திரி கண்ணு முழிக்கிறது, துணி அலசுறது எல்லாத்தையும் தானே பாத்துக்குவேன்னு நிக்குறாங்க. அத்தை போன்ல "நான் வந்து ஒரு மாசம் இருக்கேன்"னு சொன்னப்போ அம்மா ஸ்பீக்கர்ல சிரிச்சுட்டு போனை வச்சதும் "சம்பந்தியம்மாவ வேலை வாங்குனா ஊரு என்னடி பேசும்"ங்குறாங்க. ஊரு வந்து துணி அலசுமா?

ரெண்டு நாளா பஞ்சாயத்து. முதல்ல குழந்தைய குளிப்பாட்ட தெரு முனைல இருக்குற பாட்டிய வரச் சொல்ல ஒத்துக்கிட்டாங்க, மூக்குலயும் காதுலயும் எண்ண விட்டு ஊதக் கூடாதுங்குறது என் கண்டிஷன். பெரியம்மா சேனை வைக்க, அதான் பொறந்த குழந்தை நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்க, யாரக் கூப்பிடலாம்னு வேற ஆரம்பிச்சாங்க, ஆறு மாசம் தாய்ப்பால தவிர எதுவும் கெடையாது, சர்க்கரைத் தண்ணியும் கெடையாதுன்னு டாக்டர் சொன்னத சொன்னேன், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாங்க, பரவால்ல. ராத்திரி டியூட்டி அப்பாவும் வீட்டுக்காரரும். அத்தை வந்து பகல்ல குழந்தைய பாத்துக்கலாம், ஆனா அடுப்படி பக்கம் வரக் கூடாதுன்னு அம்மா. நேத்து சாயங்காலம் மறுபடியும் ஸ்பீக்கர்ல போட்டோம், அத்தை "அப்போ பாத்திரமாவது தேய்க்கிறேன் சம்பந்தி"ன்னாங்க, அம்மா "ஐயய்யோ"ன்னு பதறி போனை என் கைல குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. இது முடியுறதுக்குள்ள எனக்கு வலி வந்துரும்னு நெனைக்கிறேன்.